நாலு குடம் தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் நல்லுசாமி என்றால் சண்டைக்காரன் என்றுதான் சொல்வார்கள். அந்த வாய் வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, சித்திரை மாதம். பஸ்ஸில் போட்டால் மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் மல்லிகை மலர்ந்துவிடுகிறது என்று ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்தேன். விமானி மரியசெல்வம் திண்டுக்கல்காரர், முப்பது வயதிருக்கும். வடமதுரைப் பொட்டலில் விமானத்தை நிறுத்தி, தராசு கொண்டுவரச் சொல்லி, கூடை கூடையாக அவரே எடைபோட்டார். கனமானது முன்னால், லேசானது பின்னால்.

“வாலுல கனம் கூடுச்சுன்னா மூக்கு நம்ம பேச்சக் கேக்காதுண்ணே. கைப்பிடிய லேசா முன்னால அமுக்குனாலே தலைகுப்புறக் குனியும்.”

“அம்புட்டு நோஞ்சானா உங்க பிளேன்?” என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே எஞ்சினைப் பார்க்கப் போனார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூ வியாபாரிக்குக் கை சும்மா இருக்குமா? பின்கூடைகளை மூடிய சாக்கின்மேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். பஸ்ஸில் ஏற்றும்போது செய்கிற அதே வேலைதான். எடைபோட்டு முடித்த பிறகு ஊற்றுகிறோமே என்று தோன்றவே இல்லை.

விமானம் எழும்பியது. மூக்கு நிமிர்ந்தது, குனிந்தது, மறுபடி முன்னைவிட அதிகமாக நிமிர்ந்தது. நாலாம் தடவை குனிந்தபோது உழுது போட்ட காட்டில் விழுந்தது.

ஈரப் பூவைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? விசாரித்தவர்கள் விமானியின் கைப்பிழை என்று எழுதினார்கள். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் போய்விடும். மறுத்து எழுத ஒரு வாரம் தவணை. நான் உண்மையைச் சொன்னால் அவர் திரும்பப் பறக்கலாம். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், சொல்லிவிடத்தான்.

காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். வலது கை மட்டும் போர்வைமேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.

“இந்தக் கைதாண்ணே. குனியுதேன்னு இழுத்தேன், அதுக்குள்ள அது தானா நிமிர ஆரம்பிச்சிருச்சு. நிமிருதேன்னு அமுக்குனேன், அதுவும் லேட்டு. எம்புட்டு வருசம் ஓட்டுன கை!”

அழுதுவிட்டார். அவர் மனைவி புஷ்பமேரி விசாரணைக் காகிதத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள். எனக்குப் போலீஸ், கோர்ட், கடை எல்லாம் கண்முன் வந்து நின்றன. பயந்தேன். அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

“உங்க பூ அம்புட்டும் என்னால வீணாப் போச்சு. மன்னிச்சுக்கங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“விடுங்க தம்பி, பூதானே” என்றேன்.