தூக்கிய கை

"உங்க பேரைச் சொல்லுங்க தாத்தா."

"ஹாத்திப்."

"இது என்ன மாசம்?"

"பிப்ரவரி. ஜன்னல்ல இருக்கிற பனியைப் பார்த்தா உனக்கே தெரியுமேம்மா."

இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். பக்கவாதம் வந்தவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்தான். கடைசிக் கேள்வியையும் பழக்க தோஷத்தில் பழையபடியே கேட்டுவிட்டாள்.

"நம்ம குடியரசுக்குப் பிரசிடெண்ட் யாரு?"

கிழவர் நல்ல கையைத் தூக்கி, கதவோரம் நின்ற மகன் இல்கிஸாரைக் காட்டினார். "நமக்கு ஏது பிரசிடெண்ட்? இருந்தாரு, எடுத்துட்டாங்க. ஏன் எடுத்தீங்கன்னு அந்தா நிக்கிறாரே, அவரைக் கேளு."

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். டிவியில் பார்த்த முகம். காது சிவக்க, கருவிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே இல்கிஸாரின் அக்கா கூஸாலியாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "புத்தி நம்மளைவிடத் தெளிவா இருக்கு. இதயம்தான் முடியலைங்குது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க. பொழுது சாயுற வரைக்கும் தாங்கினா பெரிசு."

கூஸாலியா அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டப் போனாள்.

தாத்தார் இனத்தார் யாரும் கணக்கு முடிக்காமல் சாவதில்லை. போகிறவர் கையைப் பிடித்து, "என்மேல குறை இருந்தா பொறுத்துக்கோ, உன்மேல எனக்கு ஒண்ணுமில்லை" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால் போகிறவருக்கும் நிம்மதியில்லை, இருப்பவருக்கும் இல்லை. கீழ்வீட்டுக்காரி வந்தாள். குழாய் ஒழுகி அவள் கூரை நனைந்த சண்டை அத்தோடு தீர்ந்தது. ஹாத்திப்போடு டிராலி பஸ் ஓட்டியவர்கள் வந்தார்கள். பிறகு மின்னெகாலி வந்தார். தொண்ணூற்றொன்றில், நமக்கென்று ஒரு குடியரசும் அதற்கொரு தலைவரும் வேண்டுமென்று கசான் நகரச் சதுக்கத்தில் ஹாத்திப்போடு பட்டினி கிடந்தவர் அவர்.

"ஹாத்திப், ஒண்ணு சொல்லணும்டா. அந்தப் பட்டினியில ஒரு நாள் ராத்திரி போர்வைக்குள்ள ஒரு மிட்டாய் தின்னுட்டேன்."

"தெரியும்டா. தாள் சலசலன்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணு தருவேன்னு பார்த்தேன், தடியா."

இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள்.

இல்கிஸார் கதவோரத்திலேயே நின்றான். தன் முறை வரும் என்று நின்றான். குடியரசின் சட்டசபையில் நான்கு தடவை உட்கார்ந்தவன், அப்பா கட்டிலருகே ஒரு முக்காலி கிடைக்காமல் நின்றான்.

சதுக்க நாட்களில் அவன் பதினெட்டு வயதுப் பையன். அப்பாவுக்குப் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். முதல் பிரசிடெண்ட் பதவியேற்ற அன்று அப்பா டிராலி பஸ்ஸில் யாருக்கும் டிக்கெட் கிழிக்கவிடவில்லை. நடத்துனரம்மாவின் பையைப் பிடுங்கித் தன் இருக்கைக்கடியில் போட்டுக்கொண்டார். சம்பளத்தில் பிடித்தார்கள், கவலையே படவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. நாட்டுக்கு ஒரே பிரசிடெண்ட்தான் இருக்க வேண்டும் என்றது மாஸ்கோ. மற்றக் குடியரசுகள் ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றிக்கொண்டன. இவர்கள் மட்டும் கடைசிவரை இழுத்தார்கள். சபை முதலில் முடியாது என்றது, அப்புறம் முடியும் என்றது. இனிமேல் குடியரசை ஆள்பவருக்குப் பிரசிடெண்ட் என்ற பேர் இல்லை, ரயீஸ் என்ற அரபுப் பட்டம்தான். கை தூக்கியவர்களை டிவியில் வரிசையாகக் காட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இல்கிஸாரின் கை நன்றாகவே தெரிந்தது.

"பேர்தானே அப்பா? ஆளு அதே ஆளு, நாற்காலி அதே நாற்காலி" என்றான் அன்று போனில்.

"பேர்தானேன்னா உன் பேரை மாத்திட்டு வா. அதுக்கப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு. மாத்திரைகளை அவன்தான் வாங்கி அனுப்பினான். அவர் விழுங்கினார், ஆனால் யார் அனுப்பியது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எல்லோரும் போனபின் கூஸாலியா முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "உட்காரு தம்பி. இன்னும் என்ன பார்க்கறே?"

உட்கார்ந்தான். அப்பாவின் கையைப் பிடித்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்ந்த அந்தக் கை இப்போது பஞ்சாக இருந்தது.

"அப்பா..."

அழைப்பு மணி அடித்தது. சபையில் அவனுக்கு அடுத்த இருக்கைக்காரர், ஒரு கூடை ஆரஞ்சோடு வந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் எல்லார் காதிலும் விழுந்த மாதிரி. பனித்தொப்பியைக் கையில் பிடித்தபடி கட்டில் காலருகே நின்றார்.

ஹாத்திப் அவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"நல்ல நேரத்துல வந்தாரு. இல்கிஸார், நான் சொல்ல வேண்டியதை உனக்குச் சொல்லிட்டுப் போறேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கையைத் தூக்கினது தப்புன்னு சொல்லு. அவ்வளவுதான்டா. வேற ஒண்ணும் வேண்டாம்."

இல்கிஸார் வாயைத் திறந்தான். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. விருந்தாளி கூடையில் ஆரஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்கத் தேவையே இல்லாதபோதும்.

"ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தரட்டுமா அப்பா?" என்றான் இல்கிஸார்.

கிழவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபமிருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"வேண்டாம்ப்பா" என்று கையை உருவிக்கொண்டு கண்ணை மூடினார்.

விருந்தாளி விடைபெற்றார். வழியனுப்பாமல் விட்டால் நன்றாயிராது. அவரை வண்டியேற்றிவிட்டு, யாரும் இல்லாத அறையில் நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்து இல்கிஸார் கீழே இறங்கினான். வாசலில் அவர் இதையும் அதையும் பேசினார். வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டினார். இவனும் சேர்ந்து சுரண்டினான்.

மாடியேறி வந்தபோது கூஸாலியா சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கண்ணாடியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

அவன் முக்காலியில் விழுந்தான். "தப்புதான்பா. நான் கையைத் தூக்கினது தப்புதான். தப்புப்பா..." கீழ்வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினான்.

"அந்தக் காது இவ்வளவு நேரம் உனக்காகத்தான் திறந்திருந்துச்சு, தம்பி" என்றாள் கூஸாலியா. திட்டவில்லை. அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதற்கப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் மதியத் தொழுகைக்குப் பின் தூக்கினார்கள். தொழவைக்குமுன் இமாம் மகனை முன்னால் அழைத்தார். இறந்தவருக்காகக் கூட்டத்திடம் கேட்பது மகன் வேலை.

"என் அப்பா யாருக்காவது குறை வச்சிருந்தா, பொறுத்துக்கோங்க."

"பொறுத்தோம்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அவனுக்காகக் கேட்க யாருமில்லை. அப்படி ஒரு வழக்கமும் இல்லை.

இடுகாட்டு மண் இரும்பாக உறைந்திருந்தது. உடலை இறக்கிப் பலகை வைத்தபின் மண் தள்ளினார்கள். ஆளுக்குக் கொஞ்சம். ஒருவர் தள்ளி முடித்ததும் மண்வெட்டியைக் கீழே போட வேண்டும், அடுத்தவர் தானே குனிந்து எடுக்க வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் சாவையும் சேர்த்துக் கொடுத்ததாகும். இது தெரியாத தாத்தார் பிள்ளை கிடையாது. இல்கிஸாருக்கும் தெரியும்.

மின்னெகாலி தள்ளி முடித்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தார். அடுத்து நின்றது இல்கிஸார். என்ன நினைவில் இருந்தானோ, கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டினான்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை அவன் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்தார்.

நீட்டிய கை பனிக்காற்றில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் அவன் குனிந்தான்.