ஒரு சாண் இடைவெளி

முன்னால் போகிறவனின் பின்சக்கரத்துக்கும் தன் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், அந்த ஒரு சாணைத் தவிர உலகத்தில் வேறெதையும் பார்க்காதீங்கண்ணா என்று கூட ஓட்டும் நிரஞ்சன் சொல்லியிருந்தான், வெள்ளியங்கிரி பார்க்கவில்லை, அந்த டயர் ரப்பரில் இருக்கும் சின்ன வெட்டு சுற்றிச் சுற்றி வருகிறது, காற்றை முன்னால் போகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், அந்த ஒரு சாணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை நாற்பத்தாறு வயதுக் கால்களுக்கும் பிழைப்பு உண்டு, அது ஒரு முழமானால் காற்று புகுந்துவிடும், பத்தடியானால் கதை முடிந்தது. மூன்று வருஷமாக அப்படித்தான் முடிந்தது. கோயம்புத்தூருக்கு வெளியே கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் வளாகத்தின் சாலையை ஞாயிற்றுக்கிழமை காலை அடைத்துவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்தை இருபது தடவை சுற்றச் சொல்லும் சைக்கிள் பந்தயம், ஒரு முழுச் சுற்று பின்தங்கப் போகிறவனைச் சிவப்புக் கொடி காட்டி இறக்கிவிடுவார்கள், முதல் வருஷம் ஆறாவது சுற்றில் இறக்கினார்கள், அடுத்த வருஷம் எட்டில், போன வருஷம் ஒன்பதில், பட்டியலில் அவன் பெயருக்கு நேரே முடிக்கவில்லை, முடிக்கவில்லை, முடிக்கவில்லை. சே, என்ன எழவு வார்த்தை. ஜெயிக்க வேண்டாம் சாமி, நாற்பது பேரில் நாற்பதாவதாக வந்தாலும் போதும், இருபது சுற்றும் ஓட்டிக் கோட்டைத் தாண்ட வேண்டும், அதற்காகத்தான் மோட்டார் காயில் கட்டும் கடையைத் திறப்பதற்கு முன்னால் வருஷம் முழுக்கப் பாலக்காட்டு ரோட்டில் மிதித்தான், பரோட்டாவை விட்டான், இட்லியை எண்ணித் தின்றான், ஏனுங் மாமா, ஒரு கோட்டத் தாண்டறதுக்கு இந்தப் பாடா, நடந்தே தாண்டீரலாமல்லோ என்று கோகிலவாணி கேட்டாள். பொண்டாட்டி வாய்க்கு யார் பூட்டுப் போடுவது. அவளுக்குச் சிரிக்க உரிமையும் உண்டு, வீட்டு ஷோகேஸில் இருக்கும் ஒரே கப்பு மில் காலனிப் பொங்கல் விளையாட்டில் வாங்கியது, அதுவும் ஸ்லோ சைக்கிள் ரேஸில், கடைசியாக வருகிறவனுக்குத்தான் பரிசு, கால் தரையில் பட்டால் அவுட், இவன் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஒடித்து நின்ற இடத்திலேயே நின்றான், மற்றவர்களெல்லாம் காலை ஊன்றிவிட்டார்கள், காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நிக்கறதுக்கெல்லாமா கப்பு குடுப்பாங்க என்று சத்தமாகக் கேட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறான், அவள் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பந்தயம் பார்க்க வந்திருக்கிறாள், கோட்டுக்குப் பக்கத்தில், தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சுற்றையும் எண்ணாதீங்கண்ணா, எண்ணினா கால் செத்துரும் என்றும் நிரஞ்சன் சொல்லியிருந்தான், ஐந்து வருஷமாகப் பந்தயம் ஓட்டுகிறவன், சொன்னால் கேட்க வேண்டியதுதானே, எண்ணவில்லை, சுற்றுப் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை, வெட்டு விழுந்த ரப்பர், ஒரு சாண், வளைவு, ஒரு சாண், மூச்சு, அப்போதுதான் மணி அடிக்கிறது. கணகணவென்று. இந்தப் பந்தயத்தில் மணிச்சத்தத்தை அவன் கேட்டதே இல்லை, கேட்கும்வரை எந்த வருஷம் அவனை விட்டு வைத்தார்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் என்று மட்டும் தெரியும், அடடா, கடைசிச் சுற்று, நான் இன்னும் கூட்டத்துக்குள்ளே இருக்கிறேன், இனி எதற்குக் காலை மிச்சம் பிடிப்பது, வலப்பக்கமாக ஒதுங்கி எழுந்து நின்று மிதித்தான், அந்த ஒரு சாணை விட்டான், எல்லோரையும் விட்டான், ஒருத்தனும் துரத்தவில்லை, அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா, வரவில்லை, கடைசி வளைவைத் தனியாளாகத் திரும்புகிறான், கோகிலவாணி கையை உயர்த்திக் கத்துகிறாள், கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கி, மிதிப்பதையும் நிறுத்திவிட்டான். கூட்டம் சர்ரென்று அவனைக் கடந்து போனது. அண்ணா, இன்னும் பத்து ரவுண்டு இருக்கு, மிதிங்க என்று நிரஞ்சன் அலறிக்கொண்டு போனான். பத்தாவது சுற்றை முதலில் முடித்து பிரஷர் குக்கரைத் தட்டிச் செல்பவர் நூற்றுப் பதினெட்டாம் நம்பர் வெள்ளியங்கிரி என்று மைக் சொல்கிறது, நடுவிலே ஒரு சுற்றுக்குத் தனிப் பரிசு, அதற்கும் ஒரு மணி, காலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் இவன் நான்காவது முறையாகக் கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அட கெரகத்தே, குக்கரா கேட்டேன்.

அப்புறம் காற்றுதான். முழுக் காற்றும் அவனுக்கே. தொடை கல்லாகிவிட்டது, வாயில் தகரம் ருசித்தது, எனக்கு நானே வைத்துக்கொண்ட கொள்ளி, யாரைத் திட்ட, பதினொன்று, பன்னிரண்டு, இப்போது எண்ணுகிறான், இப்போது எண்ணி என்ன, பதினைந்து, எதிர்ப்பக்கத்துச் சாலையில் கூட்டம் தெரிகிறது, முன்னால் போனவர்கள் சுற்றிக்கொண்டு பின்னால் வருகிறார்கள், பதினேழு, பதினெட்டு முடிகிற இடத்தில் தொப்பி போட்ட நடுவர் சிவப்புக் கொடியோடு நடுச்சாலைக்கு வருகிறார், சார், ஓரமா வாங்க, எறங்குங்க, கூட்டம் வருது. இன்னும் ரெண்டே ரெண்டு சுற்று சார் என்றான் வெள்ளியங்கிரி. ரூல்ஸ் சார், எறங்குங்க. ஓரமாக வந்தான், நடுவர் வழியை மறித்து நின்றார், அவருடைய வெள்ளை ஷூவுக்கும் அவன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், பெடலில் பூட்டியிருக்கும் காலைக் கழற்றித் தரையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஹேண்டில் தானாக இந்தப் பக்கம் ஒடிந்தது, அந்தப் பக்கம் ஒடிந்தது, சக்கரம் நகரவில்லை, விழவும் இல்லை, மில் காலனி மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு தெரிகிறது, ஒலிபெருக்கி இரைகிறது, பக்கத்துக் கோட்டுக்காரன் காலை ஊன்றிவிட்டான், சார், எறங்குங்கன்னா எறங்குங்க, நெஞ்சு எரிகிறது, அழுகை வருகிறது, நாலு வருஷம், நாலு வருஷம், கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, குக்கர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மாமா, கால ஊனீராதீங்க, ஊனீராதீங்க மாமா, சுவரில் உட்கார்ந்து சிரித்தவளின் அதே குரல், இப்போது சிரிக்கவில்லை, தொண்டை கிழியக் கத்துகிறாள். மணி அடிக்கிறது, உண்மையான கடைசி மணி, கூட்டம் அவன் தோளை உரசுவதுபோல் இரைந்துகொண்டு போகிறது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், அந்த வெட்டு விழுந்த ரப்பரும் போகிறது, தூசி அடங்குகிறது, வெள்ளை ஷூவுக்கும் அவனுக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் கூடவுமில்லை, குறையவுமில்லை, நடுவர் அலுத்துப்போய்ப் பேனாவை எடுத்து நூற்றுப் பதினெட்டு, முடிக்கவில்லை என்று எழுதுகிறார், எழுதட்டும், கால் இன்னும் தரையில் படவில்லை.