இரண்டு கால் வணக்கம்

கிதாஹி இறந்த இருபதாம் நாள் காலையில் அவன் மனைவி வமைத்தா வாடகை பைக்குகள் நிற்கும் எங்கள் போடா-போடா ஸ்டாண்டுக்கு வந்தாள். கூடையிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். வரிசையில் முதல் பைக்கின் முன்னால் குனிந்து, கைப்பிடியில் கட்டியிருந்த கம்பளிப்பையை அறுத்தெடுத்தாள்.

கைப்பிடிக்கு ஒன்றாக, பைக்குக்கு இரண்டு பைகள். வெளியே தார்ப்பாய், நடுவில் பழைய கம்பளி, உள்ளே ஆட்டு ரோமம். மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டு ஓட்டினால், எங்கள் கினாங்கோப் மலைமேட்டின் ஜூலைக் குளிரில் காலையில் கிளம்பிய பத்து விரல்களும் மாலையில் வீடு திரும்பும். ஸ்டாண்டில் நின்ற பதினோரு பைக்குகளிலும் இருந்தவை வமைத்தா தைத்தவைதான். அதற்கு முன்பு நாங்கள் செய்தித்தாளையும் பால் உறையையும் சுற்றிக்கொண்டு ஓட்டினோம். நான் காலுறையைக் கையில் மாட்டியவன்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்றான் முதல் பைக்காரன்.

"உன் பொண்டாட்டிக்கு உன்னைத் திருப்பிக் குடுக்கறேன்."

சங்கத் தலைவர் தும்பி கையைக் காட்டினார். "விடுங்கடா. அறுக்கட்டும்."

காரணம் எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் பைக்கோடு விழுந்து கிடந்த கிதாஹியைத் தூக்கியபோது அவன் வலது கை கம்பளிப்பைக்குள்ளேயே இருந்தது. அடக்கத்தன்று அவன் அத்தை ஒருத்தி ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "கை மாட்டிக்கிச்சு. வெளியே எடுக்க முடிஞ்சிருந்தா குதிச்சுப் பொழைச்சிருப்பான்." அன்றிலிருந்து வமைத்தா தையல் மெஷினைத் தொடவில்லை.

என் பைக் எட்டாவது. எனக்கு ஏழு பைக் அவகாசம் இருந்தது.

அத்தை சொன்னது பொய். அதை அறிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். ஆனால் அதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

மிச்சம் இதுதான். எங்கள் ஊரில் எதிரே வரும் பைக்காரனுக்குக் கை தூக்காமல் போனால், அவனுடைய தகப்பனையும் சேர்த்து அவமதித்ததாகக் கணக்கு. பைக்குள் கையை விட்டவன் எப்படித் தூக்குவான்? ஒரே வாரத்தில் இரண்டு அடிதடி, ஒரு பல். தும்பி கூட்டம் போட்டார். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் பைக் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, அரசியல் படித்தவன் என்று செயலாளர் ஆக்கியிருந்தார்கள். விதிகளை நான்தான் எழுதினேன். ஒன்று: எதிரே வருபவருக்கு இடது காலை நீட்டி வணக்கம் சொல்லவும். இரண்டு: வலது கால் பிரேக்குக்கு உரியது, அதை நீட்டக் கூடாது. மூன்று: மாமனார் எதிர்ப்பட்டால் மட்டும் இரண்டு காலும்.

மூன்றாவது நானாகச் சேர்த்த குறும்பு. தும்பி யோசித்துவிட்டு, "மாமனாருக்குன்னா பிரேக்கை விட்டுத்தான் ஆகணும்" என்று கையெழுத்துப் போட்டார். கிதாஹி சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து விழுந்தான். அதன்பிறகு சமதளத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு காலையும் இறக்கை மாதிரி விரித்து, "மாமனாரே!" என்று கத்துவான். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமே ஆகவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி விடிகாலை மூங்கில் இறக்கத்தில் நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். மூடுபனி. மூன்று பால் கேன்களோடு கிதாஹி எதிரே இறங்கி வந்தான். இரண்டு காலும் வெளியே. இடது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து என்னைப் பார்த்து ஆட்டினான். ஏதோ கத்தினான். கையை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டான். இரண்டு காலோடு கையும் சேர்ந்துவிட்டது, இன்றைக்கு முழு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பதிலுக்கு நானும் இரண்டு காலையும் நீட்டி ஹாரன் அடித்தேன்.

அவன் கால்கள் விரிந்திருக்கவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன என்பது எனக்கு அன்று மாலைதான் ஞாபகத்துக்கு வந்தது. பிரேக் கம்பி அறுந்திருந்தது என்று மெக்கானிக் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் பால் லாரி அந்தப் பக்கம் வந்தது. தூக்கும்போது மூச்சு இருந்தது என்று டிரைவர் சொன்னார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு மூட்டையோடு வமைத்தா வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் டீ கொடுத்தாள். கடைசி முறை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டேன். மத்தவங்களுக்குப் போட்ட மாதிரி ஒத்தையாப் போட்டிருந்தா பிஞ்சிருக்கும்" என்றாள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"கையை எடு, கருகா."

கத்தரி என் முன்னால் இருந்தது. என் இரண்டு கைகளும் பைக்குள் கதகதப்பாக இருந்தன.

"அண்ணி, அண்ணன் கையை வெளியே எடுத்தாரு."

"எந்த அண்ணன்?"

"கிதாஹி அண்ணன். அன்னைக்கு இறக்கத்துல எதிரே வந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

கத்தரி அசையவில்லை. "எந்தக் கை?"

"இடது."

"சிக்கிச்சா?"

"இல்ல. சட்டைப் பையிலேர்ந்து எடுக்கற மாதிரி எடுத்தாரு. என்னைப் பார்த்து ஆட்டினாரு. அப்புறம் அவரேதான் உள்ள விட்டுக்கிட்டாரு. வண்டியைப் பிடிக்கணுமில்ல."

"நீ என்ன பண்ணே?"

"ரெண்டு காலையும் நீட்டினேன்."

"அப்புறம்?"

"ஹாரன் அடிச்சேன்."

"அப்புறம்?"

"போயிட்டேன் அண்ணி. விளையாடறாருன்னு நினைச்சேன்."

சாவு வீட்டில்கூட வாயை மூடாத தும்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வமைத்தா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். திருப்பி, புறங்கையையும் பார்த்தாள். அதைப் பாவாடையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு ஞாயித்துக்கிழமை," என்றாள். "சர்க்கரை போதுமான்னு கேட்டேன்."

"ஆமா அண்ணி."

"போதும்னு சொன்னே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். அவள் முதல் பைக்குக்குத் திரும்பிப் போய், கூடையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து இருக்கையில் வைத்தாள். பிறகு அடுத்தது. ஏழு ஜோடியும் ஏழு இருக்கைக்கும் போயின.

"கயிறுதான் அறுந்திருக்கு. ரப்பர் போட்டுக் கட்டிக்குங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை கொண்டாந்தா தைச்சுத் தரேன்."

பிறகு என்னிடம் வந்தாள். நான் கைகளை வெளியே எடுத்தேன். வலது பக்கப் பையை அறுத்தாள், பிறகு இடது பக்கம். அவசரப்படவில்லை. துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. இரண்டையும் மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். தும்பி வண்டியைக் கிளப்பி அவள் பின்னால் போனார்.

என் முறை வந்தது. முட்டைக்கோஸ் மூட்டையோடு ஓர் அம்மா பின்னால் ஏறினாள். கீழ்ச் சந்தைக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் காற்று கைப்பிடியை வந்து வந்து தொட்டது.

"என்னப்பா, கை இப்படி நடுங்குது. புதுசா ஓட்டறியா?"

"குளிரும்மா."

"மத்த பசங்கல்லாம் பை மாட்டியிருக்காங்களே. நீயும் ஒண்ணு வாங்கி மாட்டக்கூடாது?"

மூங்கில் இறக்கத்தின் தலைப்பில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேனா இல்லையா என்று விரல்கள் சொல்லவில்லை. வண்டி நின்றுவிட்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.