பெல்மொராண்டின் ஏழாவது வாசனை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வலது கையை வேதப் புத்தகத்தின் மேலும், இடது கையை ஓடிக்கொண்டிருக்கிற பெல்மொராண்ட் காரின் பானட் மேலும் வைத்துச் சத்தியம் செய்யலாம். வலது கைக்குச் சிரமமில்லை. இடது கைக்குத்தான் கஷ்டம், ஓடிக்கொண்டிருக்கிற பெல்மொராண்டை எங்கே போய்த் தேடுவது?

அந்தக் காரைச் செய்த ஆம்ப்ரோஸ் பெல்மொராண்ட், டெட்ராய்ட்டில் சவப்பெட்டிக்குக் கைப்பிடி செய்து பணக்காரர் ஆனவர். கைப்பிடி மிஞ்சிப்போன ஒரு வருஷம், அதற்குப் பின்னால் ஒரு காரை வைத்துப் பார்த்தார். விற்றது. மூன்று நாரையும் ஒரு கிரீடமும் போட்ட கேடயம் ஒன்றை முகப்பில் பதித்து, அது தன் பிரெஞ்சு முன்னோரான ஒரு பிரபுவின் சின்னம் என்றார். எந்தப் பிரபு என்று கேட்ட விளம்பரக்காரனுக்கு மறுநாள் வேலை இல்லை. ஆனாலும் அவன் விட்டுப்போன விளம்பர வரி நிலைத்துவிட்டது: 'பெல்மொராண்ட்காரர் எங்கும் போகவேண்டியதில்லை, போகவேண்டிய இடம் அவரைத் தேடி வரும்.'

நல்ல வரிதான். வங்கி மேனேஜர் ஒரு பெல்மொராண்ட் வாங்குவார், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக. பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஒரு முழம் நீளமானதை வாங்குவார், மேனேஜர் பார்ப்பதற்காக. கம்பெனியும் சளைக்காமல் வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே போனது. கடைசியில் வந்த 'சாவரின்' மாடலின் மூக்கு சர்ச் வாசலில் நிற்கும்போது வால் இன்னும் மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை வாங்கிக்கொண்டிருக்கும். வாலின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரித் துடுப்பு முளைத்திருக்கும். தெற்கே பறக்கும் வாத்துக் கூட்டம் அதைத் தலைவன் என்று நினைத்துப் பின்னால் வந்து, கார் நகராததால் அங்கேயே குளிரில் விறைத்த கதை ஹ்யூரான் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். பணம் இருந்தவர்களிடம் அவ்வளவு நீளமான ஷெட் இல்லாமல் போனதால் கம்பெனி மூடியது. மூடிய பிறகுதான் ஜனங்களுக்கு அதன் மேல் உண்மையான பக்தி வந்தது. ஒரு காரை மனசார மதிக்க வேண்டுமானால் அதை இனி யாரும் வாங்க முடியாமல் போக வேண்டும்.

அந்தப் பக்தர்களில் ஒருவர்தான் ஓர்வில் டெஸ்மர். சாகினா ஊரில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சாவரினின் முன்பக்கக் குரோம் கம்பிகள் பல்வரிசை மாதிரியே இருக்கும். அவற்றின் இடுக்குகளைத் தன் பழைய கருவிகளால்தான் சுத்தம் செய்வார். செய்யும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கோ, முடிஞ்சுது" என்று காரிடம் சொல்வார். நோயாளிகளிடம் அவர் அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கோப்பை. பெல்மொராண்ட் உரிமையாளர் சங்கம் ஒவ்வொரு ஜூலையிலும் மாக்கினா பாலத்துக்கு இந்தப் பக்கம், ஏரிக்கரை ஓட்டல் புல்வெளியில் கூடும். கார்கள் எல்லாம் மூடிய ட்ரெய்லரில்தான் வரும். ட்ரெய்லரிலிருந்து புல்வெளி வரை, எச்சில் துப்பினால் விழுகிற தூரம், தன் எஞ்சினால் ஓடி வரவேண்டும். வருஷத்துக்கு அவ்வளவுதான் ஓட்டம். அதற்கே இரண்டு வண்டி மூச்சிரைத்து நிற்கும். பிறகு நடுவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பது சட்டம். மோசமாக இருந்தாலும் மதிப்பெண் குறையும், நன்றாக இருந்தாலும் குறையும். அந்தக் காலத்துப் பெயிண்டர் குடித்துவிட்டு வந்து ஒழுகவிட்ட பெயிண்டுத் துளியை, இப்போது சொட்டுக் குடிக்காத பெயிண்டருக்குப் பெரும் கூலி கொடுத்து அதே இடத்தில் ஒழுகவிடுவார்கள்.

போன வருஷம் ஓர்வில் கோப்பையை அரை மதிப்பெண்ணில் விட்டார். ஜெயித்தவர் ரோஸ்கோ ஹைக், இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறவர். அரை மதிப்பெண் போன வழி வாசனை. "உள்ளே பல் ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது" என்றார் தலைமை நடுவர் லைமன் ப்ரௌட்.

ப்ரௌட்டின் மூக்கை எதிர்த்து அப்பீல் கிடையாது. பெல்மொராண்டின் உட்புறத்துக்கு ஏழு வாசனை என்பது சங்கத்தின் வேதம். தோல், வால்நட் மரம், கம்பளி, வார்னிஷ், சுருட்டு, தலை எண்ணெய் ஆக ஆறு எல்லோருக்கும் தெரியும். ஏழாவதை உயிரோடு இருப்பவர்களில் முகர்ந்தவர் ப்ரௌட் ஒருவர்தான். சிறுவயதில் மாமாவின் சாவரினில் பின்சீட்டில் உட்கார்ந்தபோது முகர்ந்தாராம். என்ன வாசனை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "வந்தா தெரியும்" என்பார்.

ஓர்வில் குளிர்காலம் முழுக்க அந்த ஏழாவதைத் தேடினார். குதிரைச் சேணத்தைப் பின்சீட்டில் கட்டிப் பார்த்தார். பழைய ஹோட்டல் திரைச்சீலையைக் கொளுத்திப் புகை போட்டார். ஒன்றும் வரவில்லை.

அவர் மனைவி வெல்மாவுக்குக் கோப்பை வேண்டாம், பாலம் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம், வடக்கே, சுரங்கங்கள் இருந்த சீமைதான் அவள் பிறந்த மண். அக்கா இல்மா இன்னும் அங்கேதான். ஒவ்வொரு ஜூலையும் வெல்மா அந்தப் புல்வெளியில் நின்று பாலத்தைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பிவிடுவாள். இல்மா போனில் விடமாட்டாள்.

"அப்படி ஒரு காரே உலகத்துல கிடையாதுடி. உன் வீட்டுக்காரன் ஷெட்டுக்குள்ள வேற என்னமோ ஒளிச்சு வெச்சிருக்கான். நானா இருந்தா எப்பவோ பூட்டை உடைச்சிருப்பேன்."

"இருக்குடி. நான் தொடைச்சிருக்கேன்."

"ஏறி உட்காந்திருக்கியா?"

வெல்மா போனை வைத்துவிட்டாள். உட்கார்ந்ததில்லை. செருப்போடு ஏறக்கூடாது, செருப்பில்லாமல் ஏறினால் வியர்வை ஒட்டும்.

இந்த வருஷம் போட்டி வந்த அதே சனிக்கிழமை இல்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள்.

"சாயங்காலம் என்னை அந்தக் கார்லயே அக்கா வீட்டு வாசல்ல இறக்கணும், ஓர்வில்."

"கோப்பை வரட்டும் வெல்மா. வந்த அன்னிக்கே பாலத்தைத் தாண்டுறோம்."

"இதையேதான் போன வருஷமும் சொன்ன. நீ பல்லைப் புடுங்கும்போதும் 'வலிக்காது'ன்னுதான் சொல்லுவ."

"சத்தியமா சொல்றேன்."

"சரி. நீ முன்னாடி போ. நான் பஸ்ல வரேன்."

பஸ்ஸில் வரவில்லை. ட்ரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியில் ஓர்வில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது வெல்மா ட்ரெய்லரின் பக்கக் கதவு வழியாக நுழைந்து, சாவரினின் பின்சீட்டில், செருப்போடு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் விடிகாலையில் சுட்ட பேஸ்டி: மாட்டிறைச்சியும் கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்த, வடக்கத்திச் சுரங்கக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போன அதே பண்டம். பெல்மொராண்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் பயணம் செய்த முதல் மனிதப் பிறவி அவள்தான். கார் ஓடவில்லை, காருக்குக் கீழே ட்ரெய்லர்தான் ஓடியது. அதனால் சொகுசு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பாதியைத் தின்றாள். வண்டி நின்ற சத்தம் கேட்டதும் மீதியை மெழுகுத்தாளில் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, பஸ்ஸில் வந்த களைப்போடு புல்வெளிக்கு நடந்து வந்தாள்.

ஜூலை வெயில். கண்ணாடி ஏற்றிய கார். மத்தியானத்துக்குள் பேஸ்டி தன் வேலையை முடித்துவிட்டது.

ப்ரௌட் கையுறையைச் சரிசெய்துகொண்டு சாவரினின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். தலை வெளியே வரவில்லை. சங்கத்தார் கூடிவிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"மாமா," என்றார். பிறகு, "ஏழாவது" என்றார்.

தொப்பிகள் கழன்றன. கோப்பை ஓர்வில் கைக்கு வந்தது. அவர் அதைக் குழந்தையைப் போலத் தோளில் சாத்திக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்!" என்றார் ரோஸ்கோ ஹைக். "வாசனைங்கறது என் தொழில். மூடி வெச்ச பெட்டிக்குள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? உள்ள ஏதோ இருக்கு."

"உனக்கு எல்லாத்துலயும் பொணம்தான்யா தெரியும்."

"பாத்துடலாமே டாக்டர். பயமா?"

சொல்லிக்கொண்டே சீட்டுக்கு அடியில் கையை விட்டு மெழுகுத்தாள் பொட்டலத்தை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். எண்ணெய் அவர் முழங்கை வழியாக வடிந்தது. ஓர்வில் பொட்டலத்தைப் பார்த்தார், வெல்மாவைப் பார்த்தார். தாளுக்கு வெளியே தெரிந்த பேஸ்டி ஓரத்தின் பின்னல் யார் கைவேலை என்று அவருக்குத் தெரியாதா? கோப்பை தோளிலிருந்து மெல்ல இடுப்புக்கு இறங்கியது.

ஆனால் ப்ரௌட் பின்வாங்குகிற ஆள் இல்லை. கண்ணீர் விட்டாகிவிட்டது, அதைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது.

"மடையா," என்றார் ரோஸ்கோவிடம். "பெல்மொராண்ட் தொழிற்சாலையில சீட் தைச்சவங்க எல்லாம் யாரு? சுரங்கத்துலருந்து வந்த வடக்கத்திக்காரங்க. மத்தியானம் என்ன தின்னாங்க? பாதியை எங்க வெச்சாங்க? இது கலப்படம் இல்லைய்யா. இதுதான் ஒரிஜினல் பாகம்!"

அரை நிமிஷத்துக்குள் எல்லோருக்கும் அது முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒருவர் தன் காரிலும் பேஸ்டி இருந்ததாகவும் முந்தைய உரிமையாளர் துப்புக்கெட்டுப்போய் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். இனி எல்லா பெல்மொராண்டிலும் பின்சீட்டுக்கு அடியில் பாதி பேஸ்டி இருக்கவேண்டும், முழுசு இருந்தால் மதிப்பெண் குறையும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். ரோஸ்கோ பொட்டலத்தைக் கைக்குட்டையில் ஏந்தி, தன் தொழிலுக்குரிய மரியாதையோடு பழைய இடத்தில் வைத்தார்.

"டாக்டர்," என்றார் ப்ரௌட், "இனிமே இந்தக் கார் அசையக்கூடாது. கதவைத் திறந்தா வாசனை போயிடும். மியூசியத்துல வெச்சு சீல் பண்றோம்."

ஓர்வில் தலையாட்டப்போனார். அதற்குள் பின்கதவு திறந்து மூடுகிற சத்தம். வெல்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"கோப்பை வந்துடுச்சு ஓர்வில். பாலம் அதோ இருக்கு."

"வெல்மா, கீழ எறங்கு. சொல்றதைக் கேளு."

"அம்மா, சட்டப்படி," என்றார் ப்ரௌட், "பெண்டாட்டி ஒரிஜினல் பாகம் கிடையாது."

வெல்மா குனிந்து பொட்டலத்தை எடுத்தாள். மெழுகுத்தாளின் ஒரு மடிப்பைப் பிரித்தாள்.

"காலையிலருந்து வயித்துல ஒண்ணும் சரியா விழல," என்றாள்.

"ஐயோ, வேண்டாம்!"

இன்னொரு மடிப்பு. வாயை நன்றாகத் திறந்தாள். அதில் இருந்த பற்கள் எல்லாம் ஓர்வில் கட்டிக்கொடுத்தவை. எப்படிக் கடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஓட்டுய்யா டாக்டர்!" என்று ப்ரௌட் அலறினார். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, ஓட்டு!"

ஓர்வில் கோப்பையைப் புல்லில் போட்டுவிட்டு ஏறினார். சாவரின் ஒரு முறை இருமியது, இரண்டு முறை கனைத்தது, பிறகு தனக்கே நம்பிக்கை இல்லாமல் நகர்ந்தது. ஏழாவது வாசனைக்குக் காவலாகச் சங்கத்தின் அத்தனை கார்களும் பின்னால் கிளம்பின. பாலத்தின் முதல் தூணில் ரோஸ்கோவின் கார் படுத்தது. அடுத்தடுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூணில் படுத்தது. நாரையும் கிரீடமும் பதித்த பானட்டுகளுக்குக் கீழே நீராவி கிளம்ப, பெரிய மனிதர்கள் எல்லாம் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு நின்றார்கள். ஏரிப் பறவைகள் மட்டும் சாவரினை விடாமல் துரத்தின. அவற்றுக்கும் மூக்கு இருந்தது.

"நல்லாத்தான் ஓடுது," என்றார் ஓர்வில், கொஞ்சம் வியப்போடு.

"கார்னா ஓடும், ஓர்வில்," என்றாள் வெல்மா.

இல்மாவின் வாசலில் அவர் ஹார்னை அழுத்தினார். உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருந்த இல்மா கத்தியும் கையுமாக வெளியே வந்தாள். வால் இன்னும் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை காத்திருந்து, மூக்கிலிருந்து துடுப்பு வரை நடந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். வெல்மா இறங்கிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"பிறந்தநாளைக்கு."

இல்மா வாசலிலேயே நின்று கடித்தாள், மென்றாள், கடைசித் துணுக்கு வரை தின்று முடித்தாள். ஓர்வில் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"உப்பு கம்மி," என்றாள் இல்மா. விரலைத் துடைத்துக்கொண்டு காரை இன்னொரு தடவை பார்த்தாள். "சரி, ஒத்துக்கறேன்டி. நான் சொன்னது தப்பு. அப்படி ஒரு கார் இருக்கு."

பெல்மொராண்ட் என்ற பெயரில் டெட்ராய்ட்டில் எந்தக் காலத்திலும் ஒரு கார்கூடச் செய்யப்பட்டதில்லை.