தட்டில் செத்த செல்கள்

1

பொன்மலை ரயில்வே பணிமனை வாசல் டீக்கடையில் ஒரே வரிதான் காதில் விழுந்தது: "கிளமென்ட் பொண்ணு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிருச்சாம்!" மிச்சமெல்லாம் நான் கட்டிய கதை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வெள்ளைக் கோட்டு அணிந்த தேவதை ஆன்சி, மைக்ராஸ்கோப்பில்—"

வேண்டாம். ஆன்சி தேவதை இல்லை. எட்டு மாதம் தப்பாகவே சோதனை செய்த ஆராய்ச்சி மாணவி.

2

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மேல் ஊற்றினாள். செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் இடத்தை அந்த மருந்து முடக்கும். ஆனால் செல் வளரும் கரைசலில் சர்க்கரை தாராளமாக இருந்தால், அதைத் தின்றே பிழைத்துக்கொள்ளும். ஆன்சி எட்டு மாதம் கவனிக்காதது இதைத்தான்.) கடைசியில் கரைசலில் சர்க்கரையைக் குறைத்தாள். செல்கள் செத்தன.

அப்பா கிளமென்ட், பணிமனை ஃபிட்டர், சனிக்கிழமை தான் வேலை பார்க்கும் ஷாப் முழுக்க லட்டு கொடுத்தார். சுகர் உள்ள மனிதர். தானும் இரண்டு தின்றார்.

3

[இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று தேடினேன். வந்தது, அதே ஷாப்பில் வேலை பார்க்கும், லட்டு தின்ற சுடலைமுத்து.]

அவர் மனைவி விஜயராணிக்கு மார்பகப் புற்றுநோய். திங்கட்கிழமை மூன்றாவது கீமோ. ஞாயிறு பூசை முடிந்து ஆன்சி வீடு திரும்பும்போது, அப்பாவோடு அவர் காத்திருந்தார்.

"பாப்பா, ஊசி போட்டா அவ மூணு நாள் எந்திரிக்கறதில்ல. நாளைக்கு நிறுத்திட்டு உன் மாத்திரையவே குடுத்துரட்டுமா?"

"ஐயோ, வேணாம் மாமா! மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தத்துல இருக்கறதைவிட நூறு மடங்கு நான் தட்டுல ஊத்தியிருக்கேன். மனுஷ உடம்புல கேக்குமான்னு எனக்கே தெரியாது."

"அப்ப உங்கப்பன் லட்டு குடுத்தானே?"

["கிளமென்ட் தலைகுனிந்தார்" என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் குனியவில்லை.]

"லட்டு என் அவசரம்டா. பிரேக் டெஸ்ட் முடியாம நம்ம ஷாப்ப விட்டு ஒரு ரயில் பெட்டி வெளிய போயிருக்கா?"

"விட்டிருவமா என்ன!"

"எம் பொண்ணும் விடாது!"

லட்டு கொடுத்த அன்றுகூட அவர் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

4

முடிவுகள்:

அ) விஜயராணி மாத்திரையாலேயே குணமாகிறாள். பொய்.
ஆ) ஆன்சி மேடையேறிப் பரிசு வாங்கும்போது—

என்னால் கட்ட முடிந்தது திங்கட்கிழமை காலை வரைதான். தென்னூர் ஆஸ்பத்திரி வாசலில் சுடலைமுத்து வண்டியை நிறுத்த, விஜயராணி இறங்கினாள்.

"அந்தப் பொண்ணு என்னங்க சொல்லுச்சு?"

"தெரியாதுன்னு சொல்லுச்சு."

"பரவால்லயே! இங்க எந்த டாக்டரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல" என்று சிரித்தபடி விஜயராணி உள்ளே போனாள்.

அப்புறம் என்ன ஆயிற்று? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு ஊசி இருப்பவர்கள், முதலில் அதைப் போட்டுக்கொண்டு வந்து எழுதுங்கள்.