ஷ்யாமளாவுக்குப் புகழ்மாலை கிடையாது

அமெரிக்காவில், சுகர் லேண்ட் ஊர் நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் கூடி, எழுதிய கதைகளை வாசித்துச் சண்டை போடுவோம். இனி விஷாகா, வாஞ்சிநாதன், நான் மட்டும்தான். ஷ்யாமளா போன மாதம் இறந்துவிட்டாள். இத்தனை வருஷமாக என் கதைகளைத் துவைத்துக் காயப்போட்டவள். அவள் இல்லாமல் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. அதற்காக அவளைச் சாமியாக்க விடமாட்டேன்.

அவள் கணவர் சபரிநாதன், மாலை போட்ட போட்டோவோடு வந்து நின்றார். "ஆளுக்கு ரெண்டு நிமிஷம் அவளைப் பத்தி நல்லதா பேசுங்க. ரெக்கார்ட் பண்ணி சென்னைக்கு அனுப்பணும்."

"முடியாது சார்," என்றேன். "அவ கடைசியா திருத்தி அனுப்பின கதை இருக்கு. எப்பவும் போல அதைக் கிழிக்கப் போறோம்."

"செத்துப் போனவ கதையையா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. சும்மா பாராட்டுறவங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. உட்காருங்க, இல்லன்னா கிளம்புங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் மட்டும் கிளம்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷாகா வாசித்தாள். கதை எழுதுகிற ஒருத்தி. அவள் புருஷன் ஃப்ரீவே டிராஃபிக்கில் நொந்து வீடு வந்தாலும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னிக்கு என்ன எழுதின? படிச்சுக் காட்டு" என்பான்.

ஆரம்பித்தோம். முதல் பக்கமே வேண்டாம் என்றேன். நடுவில் ஜவ்வு மாதிரி இழுக்கிறது என்றாள் விஷாகா. கோயில் காட்சி எதற்கு என்று வாஞ்சிநாதன் மேஜையைத் தட்டினான். போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்து முறைத்தார். பார்க்கட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது.

சபரிநாதன் மெல்லக் கை தூக்கினார்.

"நானும் சொல்லலாமா? அந்தப் புருஷன் கேரக்டர்... நம்பவே முடியல. நான் ஒரு நாள் கூட அப்படிக் கேட்டதில்ல."

ஏதாவது ஆறுதல் சொல்லேன் என்பது போல விஷாகா என்னைப் பார்த்தாள். எதற்கு? மனுஷன் முதல் தடவையாக அவள் கதையைப் பற்றிப் பேசியிருக்கிறார். பதில் சொல்வதுதான் மரியாதை.

"ஃபர்ஸ்ட் டிராஃப்ட்லயே நாங்களும் அதைத்தான் சார் சொன்னோம். இவ்வளவு நல்லவனா இருக்கானே, மாத்துடின்னு கத்தினேன். எதை வேணா வெட்டு, அவன் மேல மட்டும் கை வெக்காதேன்னு ஒரே பிடியா நின்னுட்டா."