எழுபத்திநாலாம் வருஷத்து ரேடியோ

யாமினி அமெரிக்காவில், டல்லாஸை ஒட்டிய பிளானோவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங்கில் இருந்தவள். கணவன் சபரிநாதனின் விசாவைச் சார்ந்து வந்ததால் இங்கே வேலை பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நகர்ந்து வொர்க் பர்மிட் வரும்வரை காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று வக்கீலுக்கும் சொல்லத் தெரியவில்லை. காலையில் சபரியை ஆபீஸில் இறக்கிவிட்டால் மாலை வரை கார் அவளுடையது. போகத்தான் இடம் இல்லை.

1998 கடைசியில் சபரி ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினான். ஆபீஸில் ரிடையரான ஒருவர் அரிசோனாவுக்குக் குடிபோகும்போது விற்றுவிட்டுப் போனது. மினிபஸ் நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன பாத்ரூம். 1974 மாடல். "ஆபீஸ்ல இந்த ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை முடியட்டும், ஊர் ஊரா சுத்தலாம்" என்றான் சபரி. அப்பார்ட்மென்டில் நிறுத்த விடாததால் ஊருக்கு வெளியே வாடகை ஷெட் ஒன்றில் நிறுத்தினார்கள்.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "இன்ஜின் பிரமாதம். ரேடியோ செத்துப் பல வருஷமாச்சு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வச்சுக்கோங்க" என்றார்.

யாமினியின் கண் அந்த ரேடியோவில்தான் நின்றது. டாஷ்போர்டில் மரநிறப் பலகைக்கு நடுவே பதிந்திருந்தது. இரண்டு பக்கமும் குரோம் குமிழ்கள். நடுவில் சின்னப் புத்தகம் அளவு டேப்பைச் செருக ஒரு வாய். எட்டு டிராக் டேப் என்று அந்தக் காலத்தில் இருந்த வகை. வால்யூம் குமிழுக்கு அடியில் இன்னொரு வளையம் இருந்தது. அதைத் திருப்பினால் சத்தம் முன் ஸ்பீக்கரிலிருந்து பின்னால் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். ஓட்டுகிறவனும் தூங்குகிறவனும் ஒரே வண்டியில் இருக்கிறார்கள் என்பதை யோசித்து யாரோ செய்திருந்தார்கள்.

அடுத்த வாரமே அவள் அதைக் கழற்றி அப்பார்ட்மென்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, மூடியைத் திறந்தாள். டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கெப்பாசிட்டர்கள் வறண்டு போயிருந்தன. ஸ்டேஷன் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தது. சர்க்யூட் படம் எங்கும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்து போய் அவளே வரைந்துகொண்டாள்.

குளிர்காலம் முழுக்க அதுதான். சபரி இரவு களைத்து வருவான். மேஜையில் இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவான். அவன் காதில் விழுந்ததெல்லாம் இரைச்சலும் விசில் சத்தமும்தான். "இன்னும் அதைப் போட்டு நோண்டிட்டிருக்கியா?" என்பான், கோபமில்லாமல். அவள் சிரித்துக்கொள்வாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேடியோ பேசியது. டல்லாஸ் ஸ்டேஷன் ஒன்றில் வானிலை அறிக்கை, ஆலங்கட்டி மழை வரலாம் என்று. அந்த வானிலை அறிக்கையை யாமினி நின்றுகொண்டே கடைசி வரை கேட்டாள். டேப் பக்கத்துக்குப் புது பெல்ட் ஆர்டர் பண்ணியிருந்தாள். அது வந்ததும் மாட்டிவிட்டு சபரியிடம் காட்டலாம் என்றிருந்தாள். அதுவரை வண்டியின் ஸ்பீக்கர்களில் கேட்டுப் பார்க்க, ரேடியோவைத் திரும்ப டாஷ்போர்டில் பொருத்தி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்யாண நாள். சபரி அவளை ஷெட்டுக்கு அழைத்துப்போய், ஒரு கையால் அவள் கண்ணைப் பொத்தி வண்டிக்குள் ஏற்றினான்.

"இப்ப பாரு."

டாஷ்போர்டில் நீல வெளிச்சத்தோடு ஒரு சிடி பிளேயர் மின்னியது.

"ஆறு சிடி போடலாம். ஸ்பீக்கர் எல்லாமே புதுசு. சர்வீஸுக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போனேன்ல, அப்ப போட்டது."

"பழைய ரேடியோ எங்கங்க?"

"நீ திரும்ப மாட்டி வச்சதைப் பாத்து, சரியாகல போலன்னு நினைச்சேன். அதை ஷாப்லயே டிஸ்போஸ் பண்ணிட்டாங்க. புதுசு அந்த ஓட்டைல உக்காரல. கொஞ்சம் கட் பண்ணித்தான் ஃபிட் பண்ணாங்க. நீட்டா இருக்குல்ல?"

மரநிறப் பலகையைச் சதுரமாக அறுத்திருந்தார்கள். யாமினி அந்த விளிம்பை விரலால் தடவினாள். தூள் ஒட்டியது.

"அது பாடுச்சுங்க."

"எது?"

"அந்த ரேடியோ. செவ்வாய்க்கிழமை பாடுச்சு. பெல்ட் மட்டும் மாத்தணும். அதையும் முடிச்சுட்டு உங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றான். பிறகு, "அதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கித் தர்றேன். ஒரு ரேடியோதானே யாமினி" என்றான்.

"இந்த ஊர்ல நான் பார்த்த வேலை அது ஒண்ணுதாங்க" என்றாள் அவள்.

அவள் அழவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சபரி சிடி பிளேயரை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மாசக்கணக்கில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும், மேஜையில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கூடக் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் ஆபீஸுக்கு லேட்டாகப் போனான். சிடி பிளேயர் பொருத்திய கடையின் பின்புறம் குப்பைத் தொட்டி காலி. விடியற்காலையிலேயே லாரி வந்து எடுத்துப் போயிருந்தது. அதன்பின் லஞ்ச் நேரத்திலெல்லாம் டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளுக்கு போன் போட்டான். "எழுபத்திநாலு மாடல், ரேடியோவோட டாஷ்போர்டும் வேணும்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே மனப்பாடமாயிற்று. கடைசியில், டல்லாஸைத் தாண்டித் தெற்கே வாக்ஸஹாச்சி பக்கம் யார்டு வைத்திருந்த ஒரு பெண், "மூணு நிக்குது. வந்து நீங்களே பாத்துக்கங்க" என்றாள்.

அவள் பெயர் லோரெட்டா. ஐம்பது வயதிருக்கும். சனிக்கிழமை அவர்கள் போனபோது தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக வந்து, "பாம்பு இருக்கும், காலை ஓங்கி வச்சு நடங்க" என்று சொல்லி இடுப்பளவு புல்லுக்குள் கூட்டிப்போனாள். மூன்று மோட்டார்ஹோம்கள் டயர் இல்லாமல் மண்ணில் அமர்ந்திருந்தன. முதல் இரண்டிலும் டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருந்தது. மூன்றாவதில் பலகை முழுசாக இருந்தது. ரேடியோவுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

யாமினி கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். சபரி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"நான் கழட்டறேன். நீ சொல்லு."

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தான். முகத்தில் துரு கொட்டியது.

"இந்தப் பச்சை ஒயர் என்னது?"

"பின்னாடி ஸ்பீக்கருக்குப் போறது. அறுத்துடாதீங்க, கிளிப்பை அமுக்கினா வந்துடும்."

"இந்த வட்டமா இருக்கறது?"

அவள் சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். வெளியே எடுத்து முடிக்க மத்தியானம் ஆனது. பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புல்லுக்குள் நடந்து வரும்போது அவன் சட்டையெல்லாம் கறுப்பு. யாமினி அதைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாண நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஆபீஸ் அறையில் லோரெட்டா ரேடியோவைத் திருப்பிப் பார்த்தாள். "இதை ஓட வச்சிடுவியா?"

"இதே மாதிரி ஒண்ணை ஓட வச்சேன்."

லோரெட்டா அவளைப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அலமாரி முழுக்கப் பழைய வண்டிகளின் ரேடியோக்கள், டேப் பிளேயர்கள், குமிழ் இல்லாதவை, முகம் உடைந்தவை. "ஒரிஜினல் செட் வேணும்னு வாராவாரம் யாராவது கேக்கறாங்க. எங்கிட்ட இருக்கறதெல்லாம் செத்தது. எனக்காக வேலை பாக்கறியா?"

யாமினி அலமாரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். "பாக்க முடியாது. எனக்கு வொர்க் பர்மிட் இல்ல."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. வந்ததும் வர்றேன்."

"எப்ப வரும்?"

"தெரியல."

லோரெட்டா தோளைக் குலுக்கினாள். "இதுங்க இருபது வருஷமா இங்கதான் கிடக்குது. எங்க ஓடப்போகுது? நீ வா."

அந்தக் கோடை முழுக்க மேஜைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். சபரிக்கு சால்டரிங் வரவே இல்லை. ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டான், ஒருமுறை மேஜை விரிப்பை. ஆனால் குளவிக் கூட்டைப் பிரஷ்ஷால் பொறுமையாக எடுத்ததும், ஸ்டேஷன் முள்ளுக்கு நூல் கோத்ததும் அவன்தான். ஆகஸ்டில் அறுத்த பலகையை எடுத்துவிட்டு யார்டிலிருந்து கொண்டுவந்ததைப் பொருத்தினார்கள். சிடி பிளேயர் காருக்குப் போனது. யாமினி சாவியைத் திருப்பச் சொன்னாள். முதலில் கரகரப்பு, பிறகு மெக்ஸிகோ பக்கத்து ஸ்டேஷன் ஏதோ ஒன்றில் ஸ்பானிஷில் ஒருவர் வேகவேகமாகப் பேசினார். ஒரு வார்த்தையும் புரியாமல் இருவரும் வெகுநேரம் கேட்டார்கள்.

வொர்க் பர்மிட் அடுத்த வருஷம் ஜூலையில் வந்தது. தபால்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு யாமினி சபரிக்கு போன் பண்ணினாள். "இன்னிக்கு நீங்க யார் கூடவாவது வந்துடுங்க. எனக்குக் கார் வேணும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி யார்டுக்குப் போனாள். லோரெட்டா கார்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போட்டோல நீ கோவமா இருக்கே" என்றாள். அப்புறம் தகரக் கொட்டகையின் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு பெஞ்சும், ஜன்னல் ஏர்கண்டிஷனரும் முன்பே போட்டு வைத்திருந்தாள்.

அக்டோபரில் அமரில்லோவிலிருந்து ஒரு வயதான தம்பதி தங்கள் வண்டியோடு வந்தார்கள். அவர்கள் முன்பே அனுப்பியிருந்த செட்டை யாமினி இரண்டு வாரமாகப் பார்த்து முடித்திருந்தாள். பொருத்தியதும் கிழவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டார்; ஏதோ பழைய பாட்டு வந்தது. அவர் மனைவி பின்னால் போய்க் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டார். யாமினி எட்டி, வால்யூமுக்கு அடியில் இருந்த வளையத்தை மெல்லத் திருப்பினாள்.

"அங்க கேக்குதா?" என்று கிழவர் குரல் கொடுத்தார்.

பாட்டுக்கு நடுவே பின்னாலிருந்து குரல் வந்தது.

"கேக்குது. பேசாம இரு."